ஏலத்துக்கு வந்த மாதுளம்பழம்

செங்கல்பட்டில் எங்கள் பக்கத்து வீடு ரெபேக்காளுடையது. ஒற்றை அறை, வாடகை. அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு கூட்டித் துடைக்கிறாள். வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு, பாமாயிலில் தாளித்த ரசம், சாயங்காலம் கூறுகட்டி விற்கும் வாடல் கத்தரிக்காய். மகள் ஜெபாவுக்கு இது ஆறாம் மாதம். ரத்தம் கம்மி, மாதுளம்பழம் நிறைய சாப்பிடணும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். சொல்கிறவருக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது?

அன்றிலிருந்து ஜெபாவுக்கு மாதுளை ஆசை பிடித்துக்கொண்டது. கேட்க மாட்டாள், பழக்கடை வந்தால் நடை மட்டும் மெதுவாகும். ரெபேக்காள் மாதுளையின் விலையைக் கேட்பாள், வாழைப்பழம் வாங்கி வருவாள்.

எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். படாளத்துப் பூசணி, வாழைத்தார், சேவல், அவற்றோடு யார் வீட்டுச் செடியிலோ காய்த்த ஒரே ஒரு மாதுளம்பழம். எங்கள் சபையில் ஒரு பெருமை உண்டு. ஏலத்தில் எடுத்ததை பணம் கட்டிய பிறகும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல், மறுபடி ஏலம் விடச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். உடனே கைதட்டல். வாத்தியார் கிருபாகரன் பழத்தை எடுத்தார், கொடுத்தார். ஒரு கான்ட்ராக்டர் எடுத்தார், அவரும் கொடுத்தார். தின்ன ஆசைப்பட்டு ஒருவரும் எடுக்கவில்லை.

மூன்றாம் முறை ரெபேக்காள் கை தூக்கினாள். அவள் நிலைமை தெரிந்ததால் யாரும் மேலே கேட்கவில்லை. ஏலம் விட்ட ஏசுதாஸ் பழத்தை அவளிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். அவர் வழக்கம்போல மைக்கில் கேட்டார்:

"இன்னாம்மா ரெபேக்கா, திரும்ப ஏலத்துக்கு வுட்றலாமா?"

சபை முழுக்க அவளையே பார்த்தது. பெரிய மனிதர்கள் செய்ததை நாம் செய்யாவிட்டால் என்ன நினைப்பார்கள்?

"வுடுங்கண்ணா," என்று நீட்டிவிட்டாள். அவளுக்குத்தான் அன்றைக்குப் பலத்த கைதட்டல்.

நானும் அவளோடு வீடு வரை வந்தேன். வீட்டில் ஜெபா சோறு போட்டு வைத்திருந்தாள்.

"ஏலத்துல இன்னாம்மா எட்த்த?"

"மாதுளம்பயம்."

ஜெபா அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தாள். சபை வழக்கம் அவளுக்கும் தெரியும். ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

"பெர்சாம்மா?"

"பெர்சுதான். செவசெவன்னு இருந்துச்சு."

"வெடிச்சிருந்துச்சா?"

"ஓரத்துல லேசா. உள்ள முத்து தெரிஞ்சுது."

ஜெபா ஒரு வாய் சோறு எடுத்தாள்.

"இன்னும் சொல்லும்மா," என்றாள்.