எலுமிச்சை மரத்தடியில் மூன்றாவது இதழ்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் நியூசிலாந்தில் ஒனிஹங்காவில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் பக்கத்து வீட்டு டச்சுக்காரப் பெண்மணி ஒரு பழைய சஞ்சிகையைக் கொண்டுவந்து நீட்டினார். மகளைப் பார்க்க ஒரு மாதம் வெலிங்டன் போகிறாராம். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, நனையாமல் வைத்திருங்கள் என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஹாலந்தில் அவருடைய அப்பா சில ஓவியர்களோடு சேர்ந்து அச்சடித்தது. மூன்று இதழோடு நின்றுவிட்டது. அவரிடம் மிஞ்சியிருந்தது இந்த மூன்றாவது இதழ் மட்டும்தான்.

நான் சந்தேகப் பிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தச் சந்தேகம்தான் என்பாள் மனைவி. இந்தமுறை அவள்தான் முந்தினாள்.

"இஞ்சருங்கோ, இது புரட்சி நோட்டீஸெல்லோ? சிவப்பு மையிலை கொட்டை எழுத்தைப் பாருங்கோ."

எழுத்துகள் தலைகீழாகவும் சரிந்தும் நின்றன. ஒரு பக்கம் முழுக்க வெறும் கறுப்புச் சதுரம். அதை எவன் மெனக்கெட்டு அச்சடிப்பான்? அதோடு, மூன்று இதழில் ஒரு சஞ்சிகை நின்றால் எங்கள் ஊரில் அச்சகத்தை எரித்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஆசிரியரைப் பிடித்திருப்பார்கள். எங்கள் நிரந்தர விசா விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. அந்த வீட்டில் ஒழுகாத மூலை ஒன்றுகூடவா இல்லை? எங்களைச் சோதிக்க யாராவது சொல்லி அனுப்பினார்களோ?

"ஆரும் வந்து பாத்தால் விசாவும் இல்லை, ஒண்டும் இல்லை," என்றாள்.

ஆமி சுற்றிவளைக்கப் போகிறது என்றால் ஊரில் செய்வதைத்தான் செய்தோம். பொலித்தீன் பையில் சுற்றி, பட்டப்பகலில் செடி நடுவதுபோல எலுமிச்சை மரத்தடியில் புதைத்தோம். அந்த மாதம் முழுக்க மழை.

அவர் திரும்பி வந்த அன்று தோண்டினேன். ஒரு மூலையில் தண்ணீர் இறங்கிச் சிவப்பு மை கரைந்திருந்தது. ஏதாவது பொய் சொல்லலாம் என்றுதான் கொண்டுபோனேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "மண்ணுக்குள் வைத்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம், மண்ணுக்குள்ளைதான்" என்றேன், பதற்றத்தில் தமிழிலேயே. பிறகு விசாவையும் அவரைச் சந்தேகப்பட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. பின்னட்டையைத் திருப்பி ஒரு பழைய பழுப்புக் கறையைக் காட்டினார்.

"இது அம்மா புதைத்தபோது பட்டது. ஜெர்மன் ஆமி ஹாலந்துக்குள் வந்த வருடம். இந்த மாதிரி ஓவியங்கள் அவர்களுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று பயம்."

"காட்டிக்கொடுத்தாரா?"

"இல்லை. நல்ல மனிதர். சாகும்வரை அம்மாவால் அவர் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை."

என்னாலும் முடியவில்லை. என் நகத்துக்குள் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.