நாற்காலி முட்டுக்கொடுத்த கதவு

விருந்தாளி வருகிறார் என்று யாரும் அடுக்கி வைக்காத அலமாரி ஒரு வீட்டில் ஒன்றுதான் உண்டு, அது பிரிட்ஜ். அதைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறேன். டூல்ஸ் பையோடு ராஜபாளையம் வரைக்கும் பைக்கில் அலைகிறேன். முன்ரூம் சோபா எப்படி இருந்தாலும் சரி, அடுப்படிக்குப் போய் பிரிட்ஜ் கதவைத் திறந்தால் அந்த வீட்டில் எதை மிச்சம் பிடிக்கிறார்கள், யாரிடமிருந்து பிடிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். தெரிந்தாலும் பேசக்கூடாது. கேஸ் இறங்கிவிட்டது, ரிலே போய்விட்டது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கோடை ஆரம்பித்த வாரத்தில் என் மனைவி செல்வி, வத்திராயிருப்பில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. காலையில் இட்லி அவித்து மூடி வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "நீங்க செய்யுறது சிக்கனமா, கஞ்சத்தனமான்னு நீங்களே முடிவு பண்ணிட்டுப் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் அக்கா வீட்டுல இருக்கேன்."

காரணம் எங்கள் வீட்டு பிரிட்ஜ். மெக்கானிக் வீட்டு பிரிட்ஜின் கதவு மூடாது. நாற்காலி ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது யாரையாவது செல்வியின் கேள்வியைக் கேட்டிருப்பார்கள், அல்லது கேட்காமல் ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். எனவே உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க, எந்த வீட்டில் கதவைத் திறந்தாலும் என் தரப்புக்கு ஒரு சாட்சி கிடைக்குமா என்றே தேடிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி ஓய்வு

ராஜபாளையத்தில், மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரான ஒருவர் வீடு. பால் திரிந்துபோகிறது, காலையில் பிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது என்று புகார். முன்பும் போய்ப் பார்த்திருக்கிறேன். கேஸ் சரி, தெர்மோஸ்டாட் சரி, கம்ப்ரசர் சரி. பகலில் உள்ளே கை வைத்தால் ஜில்லென்றுதான் இருக்கும். அன்று தற்செயலாக சுவிட்ச் போர்டைப் பார்த்தேன். மற்ற சுவிட்சுகளில் தூசி படிந்திருக்க, பிரிட்ஜ் சுவிட்ச் மட்டும் விரல் பட்டுப் பட்டு மினுங்கியது. "இதை யாரு சார் அணைக்கிறது?" என்றேன். அவர் மறைக்கவில்லை. "படுக்கப் போகும்போது நான்தான் அணைப்பேன். வீட்டுல எல்லாரும் தூங்குதோம், அது மட்டும் எதுக்கு முழிச்சிருக்கணும்?"

கதவின் மேல்தட்டில் அவர் மனைவியின் இன்சுலின் இருந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஊர் வெக்கையில், அணைத்த பிரிட்ஜ் விடியும்போது வெறும் பெட்டி என்பது தெரியும். மருந்து கெட்டிருக்கலாம், கடையில் கேட்டுவிடுங்கள் என்றேன். அவர் உண்மையாகவே யோசித்தார். "மருந்து இருக்க தட்டு மட்டும் ஓடுத மாதிரி ஏதும் செட்டிங் பண்ண முடியாதா தம்பி?" என்று கேட்டார்.

அந்த அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சுகர் எறங்கவே இல்ல, நான் ஒளிச்சுத் திங்கேன்னு டாக்டர் ஏசினாரு. இவுகளும் கூடச் சேந்துதான் ஏசினாக."

அரை கிளாஸ்

அந்தத் தெருவைத் தாண்டும்வரை மனசு லேசாக இருந்தது. நான் அந்த ஆள் இல்லை. ராத்திரியில் எதையும் அணைப்பதில்லை. வண்டியை ஓரம் கட்டி, செல்விக்குப் போன் போட்டு இதைச் சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன். பிறகு பைக்குள் போட்டுவிட்டேன். அவள் அடுத்தவனைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் எங்கள் ஊரிலேயே, தேரடிப் பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் வேலை. அவர் உட்காருவது கவிழ்த்துப் போட்ட பழ டிரேயில். சட்டைக் காலர் திருப்பித் தைத்தது. ஆப்பிள் சுற்றி வரும் காகிதத்தை நீவி அடுக்கி வைத்து அதில்தான் கை துடைப்பார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். என் கட்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஐஸ்கிரீம் பிரீஸர் சத்தம் மாறி ஓடியது. பழுது பார்த்த கம்ப்ரசர் ஒன்று என்னிடம் இருக்கிறது, இந்தக் கோடையை ஓட்டிவிடலாம் என்றேன். "ஓடிருமா, ஓடினாலும் ஓடுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "புதுசு போட்ரு" என்றார். விலைகூடக் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் எனக்குச் சாத்துக்குடி ஜூஸ் வந்தது. அரை கிளாஸ். பக்கத்தில் நின்றவருக்கு முழு கிளாஸ் போனது. எனக்குச் சுருக்கென்றது. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பாய் கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "போன தடவ பாதிய வச்சிட்டுப் போனேல்லா. குடிச்சு முடிச்சிட்டுக் கேளு, ஊத்துதேன்."

பூட்டுள்ள பிரிட்ஜ்

ராஜபாளையத்தில் பெரிய வீடு. இரண்டு கதவு பிரிட்ஜ், அதற்குப் பூட்டு. வீட்டுக்கார அம்மா மரியாதையானவர். வந்ததும் காபி, முந்திரிப் பருப்பு. இடுப்பிலிருந்த சாவியால் பிரிட்ஜைத் திறந்துவிட்டு முன்ரூமுக்குப் போனார். உள்ளே ஐஸ் அடைத்திருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண், கனி, உதவிக்கு வந்தது. சாம்பார், கூட்டு, அவியல், கல்லாகிப்போன இட்லி என்று கிண்ணம் கிண்ணமாக வந்தது. எந்தக் கிழமையில் வைத்தது என்பதை மூக்கே சொன்னது. கனி அவற்றை மட்டும் தனியாக ஓர் ஓரத்தில் வரிசை வைத்தது. அதெல்லாம் தன் வீட்டுக்குக் கொண்டுபோவது என்றது.

"எங்க வீட்டுல ஒரு பருக்கை வீணாப் போகாது தம்பி" என்று முன்ரூமிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. பெருமையாகத்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். என் வீட்டில் நான் சொல்லும் வாக்கியம் அது, அதே குரலில். கீழ்த்தட்டில் அன்று காலையில் வாங்கிய ஆட்டுக்கறி இருந்தது. பின்வாசலில் கட்டியிருந்த வெள்ளை நாய்க்கு என்று கனி சொன்னது. "பழையதை நாய்க்குப் போடலாமே" என்றேன் மெதுவாக. கனி தட்டைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னது: "அதுக்கு வயிறு ஒத்துக்கிடாதாம்ண்ணே."

லைட்டு மட்டும்

கான்சாபுரத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி. அவர் வீட்டு பிரிட்ஜ் செத்துப்போய்விட்டது, இனி செலவு செய்யாதீர்கள் என்று போன கோடையிலேயே சொல்லிவிட்டு வந்தேன். அன்று மறுபடி கூப்பிட்டார். போனால், பிரிட்ஜ் முன்ரூமில் துடைத்துப் பளபளவென்று நிற்கிறது. உள்ளே சேலைகள், பட்டா இருக்கும் கவர், விதைப் பொட்டலங்கள். எலி ஏறாது, பூச்சி அரிக்காது என்றார். ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன். இதுவல்லவா சிக்கனம், செல்வியைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. என்ன ரிப்பேர் என்று கேட்டேன். "லைட்டு மட்டும் எரியணும்" என்றார். தேவதானத்திலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

கம்ப்ரசருக்குப் போகும் வயரைத் துண்டித்துவிட்டு, பையிலிருந்த பல்பு ஒன்றைப் போட்டேன். கதவைத் திறந்ததும் சேலைக் கரைகளில் வெளிச்சம் விழுந்தது. அவர் மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். சேலைகளை அன்றைக்கு மட்டும் எடுத்துவிட்டுக் காய்கறி வைக்கப் போவதாகச் சொன்னார். இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலும் சேர்க்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. வந்தவர்கள் ஐஸ் தண்ணீர் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். அதையும் யோசித்து வைத்திருந்தார்: "பானைத் தண்ணிதான் குடுப்போம். ஐஸ் தண்ணி தொண்டைக்கு ஆகாது, எங்க வீட்டுல யாரும் தொடுறதில்லன்னு சொல்லிக்கிடுவோம்."

எங்கள் வீட்டு நாற்காலி

கான்சாபுரத்திலிருந்து வத்திராயிருப்பு பக்கம்தான். ரோடு பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்திச் செத்த நேரம் நின்றேன். ஒரு டீ குடித்தேன். போய் நின்றால் முடிவு பண்ணியாச்சா என்று செல்வி கேட்பாள். ஊருக்கே திரும்பினேன்.

எங்கள் பிரிட்ஜ், செத்துப்போன பல பிரிட்ஜுகளின் உறுப்புகளால் ஆனது. உடம்பு ஒரு வீட்டுடையது, கதவு வேறொரு வீட்டுடையது, கதவு ரப்பர் எதிலிருந்து கழற்றியது என்று ஞாபகமில்லை. காசு செலவழிக்காமல் ஒரு பிரிட்ஜையே செய்துவிட்டேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். கதவு மட்டும் விலகிக்கொள்ளும். அதற்குத்தான் மர நாற்காலியும், கனத்துக்காக அதன்மேல் அரிசிப் பையும். செல்வி இல்லாத வீட்டில் நான் டீ போட்டேன். பால் எடுக்க நாற்காலியை இழுத்தேன், எடுத்தேன், தள்ளினேன். இஞ்சியை மறந்துவிட்டேன். மறுபடி இழுத்தேன். மிச்சப் பாலை உள்ளே வைக்க மறுபடி. ராத்திரி தோசை மாவுக்கு மறுபடி. படுத்தபோது வலது தோள்பட்டை வலித்தது. செல்வி படுக்கும் முன் தைலம் தேய்த்துக்கொள்வது அதே இடத்தில்தான். வயசாகுது என்று நான் சொல்வது வழக்கம். எழுந்துபோய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். தரையில் நாற்காலி போய்வந்த தடம் அரை வட்டமாகத் தேய்ந்திருந்தது. நாற்காலியின் கால்களில் துணி சுற்றிக் கட்டியிருந்தாள். என் பழைய நீலச் சட்டைத் துணி. அவளும் அதை வீணாக்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்தது அப்போதுதான் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. நான் ஒரு வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "கதவு மூடலேன்னா நாளெல்லாம் அதோட போராடணும்மா, காசைப் பாக்காதீங்க, மொதல்ல ரப்பரை மாத்துங்க" என்று சொல்லி வைத்தேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்த செல்வி கேட்டாள்: "யாருங்க அந்த அம்மா? அவுக வீட்டுக்கு வேலைக்குப் போயிரலாமான்னு பாக்கேன்."

எந்த வீட்டுக்கு?

விடிந்ததும் ராஜபாளையத்துக்கு ஸ்பேர் வாங்கப் போனேன். கடைக்காரர் முருகன் என்னை வெகுகாலமாக அறிந்தவர். வாடிக்கையாளர் வீட்டுக்கு நான் மட்டமான சாமான் வாங்கியதில்லை, அது அவருக்கும் தெரியும். கதவு ரப்பரும் கீலும் கேட்டேன். மேல்தட்டிலிருந்து நல்ல கம்பெனி ரப்பரை எடுத்தவர், பில்லில் பெயர் எழுத, "எந்த வீட்டுக்குண்ணே?" என்றார். "நம்ம வீட்டுக்குத்தான்" என்றேன்.

முருகன் எழுதுவதை நிறுத்தினார். எடுத்ததைத் திரும்ப மேல்தட்டில் வைத்தார். குனிந்து, கவுண்டருக்குக் கீழிருந்து வேறொன்றை உருவித் தூசி தட்டி என் முன்னால் போட்டார். அவர் கேலி செய்யவில்லை. எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். "அப்ப இது போதும்லா. லேசா நெளிசல் இருக்கு, வீட்டுல அவிய பழகிக்கிடுவாக."

போன்

மேலே இருப்பதையே எடுங்கள் என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து கீலை மாற்றி, ரப்பரை மாட்டினேன். கதவு 'டப்' என்று மூடியது. ஊரில் எத்தனையோ அடுப்படியில் கேட்ட சத்தம், எங்கள் அடுப்படியில் அதுதான் முதல் தடவை. திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே செல்விக்குப் போன் போட்டேன்.

"முடிவு பண்ணியாச்சா?" என்றாள்.

"கதவு மூடுது."

"நாற்காலி?"

"முன்ரூமுல கெடக்கு. அதுலதான் ஒக்காந்து பேசுதேன்."

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே."

"ரெண்டாவதுதான்" என்றேன். கஞ்சத்தனம் என்ற வார்த்தையைச் சொல்ல வரவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. நாளைக்குக் காலையில் பைக்கில் வந்து கூட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதற்குச் சொன்னாள்: "பெட்ரோலுக்குப் புடிச்ச கேடா? ஃப்ரீ பஸ்ஸுல வாரேன். நடுவுல காசு பஸ்ஸு ரெண்டு வரும், அத விட்டுருவேன். லேட்டாகும், பொறுமையா இருங்க."

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் பொறுமையாக இருந்தேன். கழற்றிய பழைய ரப்பர் எதற்காவது ஆகும் என்று பரணில் சுருட்டி வைத்திருக்கிறேன், அது சிக்கனமா மற்றதா என்பது செல்வி பரணில் ஏறுகிற அன்றைக்குத் தெரியும்.