மாங்காய் அச்சு

அப்பா போன பிறகு நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். தம்பி கட்டிலை நகர்த்தியபோது ஒரு காலுக்கு அடியில் மரக்கட்டை கிடந்தது.

"என்னக்கா இது?"

திருப்பினேன். மாங்காய் செதுக்கிய அச்சுக்கட்டை. இன்னும் சாய வாடை.

அம்மா பகலெல்லாம் புடவைக்கு அச்சுப் போடுவாள். கட்டையைச் சாயத்தில் ஒற்றித் துணியில் வைத்து உள்ளங்கையால் குத்துவாள்.

"நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவன் தூங்க வேணாமா? இடிச்சிகினே இருக்க!"

ஒருநாள் அப்பா கட்டைகளை வெந்நீர் அடுப்பில் போட்டார். ஒன்றை மட்டும் ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அம்மா சாகும்வரை அந்தக் கட்டிலை ஒட்டித் தரையில்தான் படுத்தாள். கட்டை அவள் கண்ணெதிரிலேயே இருந்தது.

அதை என் பையில் போட்டேன். கட்டில் தம்பிக்கு.

"அது இல்லன்னா கட்டிலு ஆடுமேக்கா!"

"ஆடட்டும்."