சுஷ்மிதாவின் வெந்நீர்க் கிணறு

சுஷ்மிதாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அம்மா ருக்மிணி திருப்போரூர் கோயிலுக்கு மாலை கட்டுபவள். அவள் ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் மகள் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிடுவாள். “இன்னாடி, உன் காலுல சக்கரமா கீது?” என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். இப்படிப்பட்டவளுக்குப் போய், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை வாய்த்தது. விதிக்கும் குறும்பு உண்டு போலிருக்கிறது.

சிறுசேரியில், ஏழாவது மாடியில் அலுவலகம். இந்தோனேசியத் தீவு ஒன்றின் மலைச்சரிவில் இருக்கும் புவிவெப்ப மின் நிலையத்தை இங்கிருந்தே கண்காணிக்கிறார்கள். அங்கே நிலக்கரியும் கிடையாது, புகையும் கிடையாது. பூமிக்குள் ஆழத்தில் பாறை எப்போதும் சுட்டுக்கொண்டே கிடக்கிறது; அதன் இடுக்குகளில் தேங்கிய தண்ணீரும் கூடவே காய்கிறது. இரண்டு கிலோமீட்டர் துளை போட்டு அதை மேலே கொண்டுவருகிறார்கள். டர்பைனை நேராகச் சுற்ற அந்தச் சூடு போதாது. அதனால், வெந்நீரில் கிண்ணத்தை வைத்து நெய்யை உருக்குவது போல, அந்தத் தண்ணீரின் சூட்டை வேறொரு திரவத்துக்கு ஏற்றுகிறார்கள். சீக்கிரமே கொதித்துவிடுகிற திரவம் அது. அதன் ஆவி டர்பைனைச் சுற்ற, டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்ற, மின்சாரம் வருகிறது. பெரிய விசிறிகள் ஆவியைக் குளிரவைத்து மறுபடி திரவமாக்கிவிடும். சூட்டைக் கொடுத்துவிட்ட தண்ணீரை ஒரு ராட்சச பம்பு இன்னொரு கிணற்றின் வழியாகப் பூமிக்குள்ளேயே தள்ளிவிடும்.

“தண்ணிய திருப்பிக் குடுத்துடறோம்மா. சூட்ட மட்டுந்தான் எடுத்துக்கறோம்” என்று பெருமையாகச் சொன்னாள் சுஷ்மிதா.

“பூமாதேவி வயித்துல ஓட்ட போட்டுட்டு நாயம் பேசிகினு கீறா பாரு” என்றாள் ருக்மிணி.

அந்த வேலைதான் இப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்தால் கிணற்றை அடைக்கும் அதிகாரம் திரைக்கு முன்னால் இருப்பவருக்கு உண்டு. சுஷ்மிதா இரண்டு தடவை அடைத்தாள். இரண்டும் வீண். அடைத்த கிணற்றைச் சட்டென்று திறந்துவிட முடியாது. குழாய்கள் பதமாகச் சூடேற வேண்டும், அதுவரை ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கிடையாது. மேலாளர் கோபாலகிருஷ்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “உனக்குப் பதட்டம் ஜாஸ்திம்மா. இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா, உன்ன ரிப்போர்ட் எழுதற எடத்துக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல.” திருப்போரூரிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்து சேர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அன்று முதல் எந்த எண் அசைந்தாலும் கை கிணற்றை அடைக்கும் பொத்தானை நோக்கிப் போகும். அவளே பிடித்து இழுத்துக்கொள்வாள்.

ஆயுத பூஜை வந்தது. கோபாலகிருஷ்ணன் பக்திமான். தன் கையாலேயே ஒவ்வொரு திரைக்கும் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். புதிதாக வந்த திரைகளுக்குச் சட்டமே கிடையாது, ஓரம் வரை கண்ணாடிதான். எனவே பொட்டும் கண்ணாடியின் மேலேயே தாராளமாக அமர்ந்தது. மந்திரத்துக்கு இடைஞ்சல் என்று அலார ஒலியையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்து, எல்லோரும் சுண்டலில் இறங்கினார்கள்.

சுஷ்மிதாவுக்குச் சுண்டல் இறங்கவில்லை. திரையில், நிலையம் வெளியே அனுப்பும் மின்சாரத்தின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது.

“சாமி கும்பிட்டதும் கரண்டு ஏறிக்கினு போவுது பாரேன்!” என்றான் பக்கத்து மேசை குமார்.

ஏறக் கூடாதே! தீவில் அது உச்சி வெயில் நேரம். வெயில் ஏற ஏற விசிறிகளால் ஆவியைச் சரியாகக் குளிரவைக்க முடியாது. மின்சாரம் இறங்கத்தான் வேண்டும். பின்னே எங்கிருந்து வருகிறது இந்த உபரி? எழுந்தாள், நடந்தாள், திரும்பி வந்தாள். உள்ளுக்குள்ளேயே யாரோ தின்றுகொண்டிருந்த மின்சாரம் மிச்சமாகிறது. நிலையத்தில் அவ்வளவு தின்பது தண்ணீரைத் திருப்பித் தள்ளும் அந்தப் பம்பு ஒன்றுதான். அதன் அடையாளம் திரையில் எங்கே? வலது பக்கம், மேல் மூலையில். அங்கே சந்தனமும் குங்குமமும் இருந்தன.

பூஜையில் இட்ட குங்குமத்தைக் கையால் அழிப்பதா? கோயில் பூக்காரி வீட்டில் வளர்ந்தவள். எந்த நேரத்தில், யாருடைய நெற்றியில் குங்குமத்தை அழிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு துப்பட்டா முனையால் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அடியில் இருந்த அடையாளமும் சிவப்பு. பம்பு நின்றுபோயிருந்தது.

“ஐயோ, இன்னா மேடம் இது, பூஜ பொட்ட போயி...” என்று குமார் பதறினான். அவள் அதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டாள். எண்கள் இறங்கி, சுழியத்தில் நின்றன.

சுண்டல் தொன்னையோடு ஓடிவந்தார் கோபாலகிருஷ்ணன். அழிந்த பொட்டைப் பார்த்தார், சுழியத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். சுஷ்மிதா தீவுக்குப் போன் போட்டாள். அங்கே இருப்பது இரண்டே ஆட்கள், இருவரும் தூரத்தில் வேறொரு வேலையில் இருந்தார்கள். ஒருவன் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கப் பேசினான். பம்பு நின்றதும் தண்ணீர், அவசரத்துக்கென்று பக்கத்தில் வெட்டி வைத்திருந்த குளத்துக்குத் திரும்பியிருக்கிறது. குளம் விளிம்பு வரை வந்துவிட்டது, இன்னும் நாலு விரற்கடைதான் பாக்கி. உப்பும் ரசாயனமும் கலந்த சுடுநீர். வழிந்திருந்தால் கீழே சரிவு முழுக்க ஊர்க்காரர்களின் முட்டைக்கோஸ் தோட்டம். அங்கே ஆட்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

சுஷ்மிதாவுக்குச் சந்தோஷமா, பயமா, சொல்லத் தெரியாமல் அழுகை வந்தது.

உடனே நிலையத்தின் முதலாளிகளிடமிருந்து அழைப்பு. மின்சாரம் ஏன் நின்றது, யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று அதட்டல். கோபாலகிருஷ்ணன் ஒலிபெருக்கியைப் போட்டார்.

“பம்பு நின்னத நாங்க பாக்கல. அலாரத்த அமத்தினவன் நான், பம்போட அடையாளத்த மறைச்சு பொட்டு வெச்சவனும் நான். கெணத்த அடச்சது சுஷ்மிதா. இனிமே அடைக்கணும்னா அவ என்னைக் கேக்க மாட்டா, உங்களையும் கேக்க மாட்டா. இது அவ டெஸ்க்கு.”