ஏழே முக்கால் வண்டி

நேற்றுக் காலை எதிர்வீட்டு மேஸ்திரியின் மருமகன் புது ஷேர் ஆட்டோ எடுத்து வந்தான். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, மாலை போட்டு, தெருவே கூடி நின்று வழி விட்டது. வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. நசுங்கின எலுமிச்சையும் டீசல் புகையும் சேர்ந்து ஒரு வாசனை வரும், தெரியுமா? மற்றவர்களுக்கு அது பூஜை வாசனை. எனக்கு அது என் பஸ் கிளம்புகிற வாசனை. "பெர்சு, ஆசீர்வாதம் பண்ணு" என்று அவன் குனிந்தான். நல்லா இரு என்றுதான் சொன்னேன். ஆனால் அவன் எந்த ரோட்டில் ஓட்டப்போகிறான் என்று எனக்குத் தெரியும். அது என் ரோடு.

என் ரோடு என்று சும்மா சொல்லவில்லை. உத்திரமேரூரில் புறப்பட்டு, திருப்புலிவனம், மாகறல், களக்காட்டூர், ஓரிக்கை வழியாகக் காஞ்சிபுரம் போய், அங்கிருந்து ஏனாத்தூர் காலேஜ் வரைக்கும் என் பஸ் ஓடியது. மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்தவன் நான். அந்த பஸ்ஸைக் கழுவினேன். அதற்கே டயர் மாற்றினேன். அதிலேயே கண்டக்டர் பை மாட்டினேன். கடைசியில் அதையே விலைக்கு வாங்கினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பஸ் வாங்குவது பெரிய காரியமில்லை ஐயா. இரும்பை எவன் வேண்டுமானாலும் வாங்கலாம். பெரிய காரியம் டைம் வாங்குவது. இந்த வண்டி இத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று பர்மிட்டில் எழுதியிருக்கும் பாருங்கள், அதுதான் சொத்து. என்னுடையது ஏழே முக்கால். காலேஜ் பிள்ளைகள், பட்டு நெய்கிற வீட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் கிளம்புகிற நேரம். பஸ்ஸின் நெற்றியில் என் அம்மா பெயரைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஒருத்தரும் அதைப் படித்ததில்லை. ஊருக்கு அது ஏழே முக்கால் வண்டி. என் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, "ஏழே முக்கால் வண்டிக்காரர் வூடா? அப்ப விசாரிக்கவே வேணாம்" என்றுதான் சம்பந்தி வந்தார்.

எனக்கு முன்வண்டி மாசிலாமணியுடையது. அவரும் உழைத்து வந்தவர்தான், என் அளவுக்கு இல்லை. முன்வண்டிக்காரன் பின்வண்டிக்குச் செய்யக்கூடிய அநியாயம் ஒன்று உண்டு. தன் நேரத்துக்கு ஒழுங்காகக் கிளம்பிவிடுவான். ஸ்டாண்டைத் தாண்டியதும் சினை மாடு மாதிரி நடப்பான். பின்வண்டிக்கு நிற்கிற ஆளையெல்லாம் வழித்து ஏற்றிக்கொள்வான். இதை நாங்கள் உருட்டுவது என்போம். என் டிரைவர் ஏகாம்பரம் கையை ஆரனிலிருந்து எடுக்கவே மாட்டான்.

"யோவ், உருட்டாத! ஒன் டைம் செத்து அரை மணி ஆவுது!"

"ரோடு இன்னா ஒன் மாமியா குட்த்த சீரா? ஓரமா வாடா!"

"மாமியாளப் பத்திப் பேசாத, அப்பறம் ஒன் மொதலாளி மாமியாளயும் இஸ்துக்கினு வருவேன்!"

மாகறல் வரைக்கும் இந்தக் கச்சேரி நடக்கும். பயணிகள் ஜன்னலில் தலையை நீட்டி ரசிப்பார்கள். நாங்கள் முந்தினால் காலேஜ் பிள்ளைகள் விசிலடிப்பார்கள். தினமும் சண்டை போட ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அப்போது புரியவில்லை.

சண்டை முற்றினால் பஞ்சாயத்து காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில். பஸ் முதலாளிகள் எல்லாரும் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு நிமிஷம் மல்லுக்கு நிற்போம். அங்கே பேச இங்கிலீஷ் வேண்டாம், வாய் வேண்டும். "கூட்டம் தாங்கல சார், படியில தொங்கினு வர்றாங்க" என்று அடித்து விட வேண்டும். கூட்டம் இருக்கிறவனுக்குத்தான் நல்ல டைம் நிலைக்கும். நான் அடித்து விட்ட மாதிரி இன்னொருத்தன் விட்டதில்லை. மாசிலாமணியே ஒருமுறை, "இந்தாளு சொல்ற கூட்டம் செங்கல்பட்டு ஜில்லா முய்க்க இல்ல சார்" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். டைம் எனக்குத்தான் நிலைத்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம். எங்கள் தொழிலில் வண்டியைப் பார்த்து 'காலி' என்று சொல்லக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் "வண்டி லேசா கீது" என்போம், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த கண்டக்டர் ஒருவன் ஸ்டாண்டில் நின்று, "வாங்க வாங்க, வண்டி காலி" என்று கூவிவிட்டான். ஏகாம்பரம் இறங்கிப் போய், பக்கத்து டீக்கடைச் சொம்பை வாங்கி, அவனை வாய் கொப்பளிக்க வைத்துத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டான். எனக்கும் அப்படித்தான். டீக்கடையில் குடித்து முடித்த கிளாஸைக்கூட "இது ஆச்சி, எடுத்துக்க" என்பேனே தவிர அந்தச் சொல் வராது.

அப்புறம் ஆள் குறைய ஆரம்பித்தது. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. கம்பெனி பஸ்கள் வீட்டு வாசலுக்கே வந்து வயசுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. மிச்சம் இருந்தவர்கள் தவணையில் டூவீலர் வாங்கினார்கள். ஷேர் ஆட்டோ வந்தது. அதற்கு டைமும் கிடையாது, பர்மிட் ரூட்டும் கிடையாது, என் மூக்குக்கு முன்னால் கை காட்டுகிற இடத்திலெல்லாம் நிற்கும். கடைசியாக, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத கவர்மென்ட் பஸ் வந்தது. அதை என் ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விட்டார்கள். நல்ல காரியத்தை நான் குறை சொல்லமாட்டேன். கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் வண்டியில் ஏறினது பாதிக்கு மேல் பெண்கள். வருஷக்கணக்காக என் பஸ்ஸில் பூக்கூடை ஏற்றின அம்மா, என் பஸ்ஸைத் தாண்டிப் போகும்போது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனார். அதுதான் தாங்கவில்லை.

நிறுத்தவும் முடியாது. ஓட்டாமல் போட்டால் பர்மிட் போகும், பர்மிட் போனால் டைம் போகும். ஒரு முறை போன டைம் திரும்பாது. டீசலைக் குடித்துக்கொண்டு ஓடியே ஆக வேண்டும். அதிலும் ஒரு சங்கடம். லேசான வண்டியில் நம் ஜனம் ஏறாது. இது எப்போது ரொம்பி எப்போது எடுப்பானோ என்று அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடும். அதனால் என் மனைவி சரோஜாவைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். நல்ல புடவை, கையில் ஒரு கட்டைப்பை, முன் ஜன்னல் ஓரம். பார்க்கிறவர்களுக்கு ஒரு டிக்கெட். அவள் தங்கையும் வருவாள். இரண்டு பேரும் திருப்புலிவனத்தில் இறங்கித் திரும்பிவிடுவார்கள்.

ஒரு நாள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கிறேன். அந்தக் கவர்மென்ட் பஸ் திரும்பி வந்து நிற்கிறது. அதிலிருந்து என் வீட்டுக்காரி இறங்குகிறாள்.

"இன்னாடி இது, இதுலயா வந்த?"

"வேற எதுல வர்றது? ஒன் வண்டி காஞ்சிபுரம் போயிட்ச்சே."

"நம்ம வயித்துல அடிக்கிற வண்டிடீ அது!"

"சும்மா இட்டாந்து வுடறான். நல்லா காத்து வருது. நீ வேணா பொம்பளயா பொறந்து ஏறிக்க."

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் என் டைமை நகர்த்தித் தரச் சொல்லி மனு கொடுத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சரோஜாவும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே மாசிலாமணியும் அதே மனுவோடு உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்து, தோள் இறங்கிப் போயிருந்தது. புதிதாக வந்த அதிகாரி, என் பேத்தி வயசு அம்மா. நல்ல மாதிரி. என்னைத்தான் முதலில் கேட்டார்.

"உங்க வண்டியில இப்ப கூட்டம் எப்படி இருக்குங்க ஐயா?"

"லேசா கீதும்மா."

"லேசான்னா? கூட்டம் இருக்கா, இல்லையா?"

நான் மாசிலாமணியைப் பார்த்தேன். அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "வண்டி காலியா ஓடுதுன்னு உங்க வாயால சொல்லுங்க ஐயா. நான் எழுதிக்கிட்டு நேரத்தை மாத்தித் தர வழி இருக்கான்னு பாக்கறேன்."

மாசிலாமணி முழங்கையால் இடித்தார். "சொல்லேன்யா. சொன்னாதான எய்துவாங்க."

அவர் முன்னாலா? எத்தனை வருஷம் அதே அறையில் அதே ஆள் முன்னால் படியில் தொங்குகிற கூட்டத்தைச் சொல்லியிருக்கிறேன்! என் வாய் தானாகத் திறந்தது. "ஏழே முக்கால் வண்டிம்மா அது. நிக்க எடம் இருக்காது."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்ப இருக்கற நேரமே போதும் இல்லீங்களா?"

"போதும்மா."

அடுத்து மாசிலாமணி எழுந்தார். "எங்குது சுத்தமா காலிம்மா" என்றார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவருக்கு டைம் மாற்றிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் சரோஜா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "அந்த ஒரு வார்த்தய சொன்னா நாக்கு அந்துடுமா?"

"எங்க, நீ சொல்லு பாக்கலாம்."

சொல்ல வாயைத் திறந்தாள். "நம்ம வண்டி லேசா..." என்று ஆரம்பித்து, அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் நான் நிக்க இடம் இருக்காது என்றுதான் சொல்வேன். எனக்கு வேறு சொல்லத் தெரியாது.

டீசல் போட வழியில்லாமல் வண்டி நின்றது. பர்மிட் போயிற்று. பஸ்ஸைப் பழைய இரும்புக்காரன் வந்து கேஸ் கட்டர் வைத்து அறுத்தான். நான் பார்க்கப் போகவில்லை. மாசிலாமணியும் ரொம்ப நாள் தாங்கவில்லை. விற்றுவிட்டு மகனிடம் போய்விட்டார். போட்டிக்கு ஆள் இல்லாத ரோடு என்று ஆனதும், கவர்மென்ட் பஸ்ஸும் ஒரு நாள் வருகிறது, இரண்டு நாள் காணோம். வேறு ரூட்டுக்கு வண்டி பற்றவில்லை என்று எடுத்துப் போய்விடுகிறார்கள். ஏழே முக்கால் டைமை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

போன மாதம் என் ரூட்டில் கல்லுமேட்டுக்குப் பிரிகிற கட்ரோடு பக்கம் ஒரு சாவுக்குப் போனேன். ஏரிக்கரைக் குடிசைகளில் இருக்கும் இருளர் ஜனங்களுக்கு அதுதான் நிறுத்தம். அங்கே எல்லா வண்டியும் நிற்காது, என் வண்டி நிற்கும். கன்னியம்மா என்று, களையெடுக்கப் போகிறவள், ஓடி வந்தாள். அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் தவறாமல் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உட்காரவே முடியாத மனுஷனை ஷேர் ஆட்டோவில் எப்படித் திணிப்பது?

"நைனா, ஒன் வண்டி ஏன் வர்ல? ரிப்பேரா?"

"ஆமாமா. ஒர்க் ஷாப்புல கீது."

"எப்ப வுடுவ?"

"அடுத்த வாரம்."

வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. அவள் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். இப்போது தினமும் காலையில் என் வண்டிக்காக அந்த நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் துணி மூட்டையோடு நிற்கிறார்கள் என்று ஏகாம்பரம் வந்து சொன்னான். கன்னியம்மா புருஷனைப் பாயில் படுக்க வைத்து, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம்.