எல்லா வீட்டிலும் நான்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்டில் எல்லா வீட்டிலும் நானே குடியிருந்தேன். நம்ப மாட்டீர்கள். கேட்டில் எந்த வீட்டு நம்பரை அமுக்கினாலும் என் வீட்டு போன்தான் அடித்தது!

காரணம், நான் எழுதிய ப்ரோகிராம். வேறு யாரைக் குற்றம் சொல்ல?

நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி, அபார்ட்மெண்ட் கேட்டில் மாட்டுகிற ஒரு பெட்டியைச் செய்கிறது. செக்யூரிட்டி வீட்டு நம்பரை அமுக்கினால் அந்த வீட்டு போன் அடிக்கும். 'ஆள் வந்திருக்காங்க, அனுப்பலாமா?' என்று கேட்டுக்கொள்ளலாம். முதல் பெட்டியை எங்கே மாட்டிப் பார்ப்பது? "உங்க அபார்ட்மெண்ட்லயே மாட்டிடுங்க சார்" என்றார் முதலாளி. ஓசூருக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லைக்குள், சந்தாபுராவில் இருக்கிறது எங்கள் அபார்ட்மெண்ட். செக்ரட்டரி கேசவன் ஒரு கண்டிஷனோடு ஒத்துக்கொண்டார். ஞாயிறு சாயங்காலம் அசோசியேஷன் மீட்டிங். அதில் எல்லார் முன்னாலும் பெட்டி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும்.

பெட்டிக்கு எந்த வீட்டில் யார் என்று தெரிய வேண்டுமே? அந்த விவரத்தை ஜேசன் என்கிற முறையில் எழுதிக் கொடுக்கிறோம். ஆள் பேர் இல்லை, பயப்படாதீர்கள். சதுர அடைப்புக்குறி போட்டால் ஒரு வரிசை. நெளி அடைப்புக்குறி போட்டால் ஒன்றைப் பற்றிய விவரம். மாடிகளின் வரிசை, மாடிக்குள் வீடுகளின் வரிசை, வீட்டுக்குள் ஆட்களின் வரிசை, ஆளுக்குள் பேரும் போன் நம்பரும்… எவர்சில்வர் டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு வைப்போமே, அந்த மாதிரி.

ஆபீஸ் பிள்ளைகள் புதுப்புது மொழிகளில் இதை இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். என் பெட்டிக்குள் இருப்பதோ குட்டியூண்டு சிப். பழைய சி மொழிதான் அதற்குச் சரிப்படும். சி-யில் எதுவும் சும்மா வராது. ஒவ்வொரு ஆளுக்கும் மெமரியில் தனியாக இடம் கேட்டு வாங்கி, விவரத்தை நிரப்பி, வரிசையில் நாமே கோக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும். பொழுது போகும். போக்க வேண்டிய பொழுது என்னிடம் நிறைய இருக்கிறது — வசந்தா போனதிலிருந்து.

என் மனைவி இறந்தபோது உங்களில் பலர் ஆறுதலாக எழுதினீர்கள். வருடம் ஒன்று ஆகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசி மாடியில் கடைசி வீடு, 512. போன் இருக்கிறது, அடிக்காது. லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்கூட இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம்.

அந்த ஞாயிறு காலையில் போன் அடித்தது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி முனிராஜு. பக்கத்து ஊர், ஆனேக்கல்காரர்.

"சார், கொரியர் வந்திருக்கு. 204 தானே?"

"இல்ல முனிராஜு, நான் 512."

"அரே! 204-தான சார் அமுக்கனேன்?"

வைத்த சூட்டோடு மறுபடி அடித்தது. இந்தத் தடவை 108-க்கு வாட்டர் கேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாக ஒரு ஆப்ஜெக்ட், அதாவது விவரம் போட ஒரு தனி டப்பா, உருவாக்க வேண்டும் அல்லவா? நான் அதை லூப்புக்கு, அதாவது வீடு வீடாகத் திரும்பத் திரும்ப ஓடுகிற வரிகளுக்கு, வெளியே ஒரே ஒரு முறை உருவாக்கிவிட்டு, அதையே எல்லா வீட்டிலும் கோத்துவிட்டேன். ஒரே ஒரு இலையைப் போட்டு மொத்தப் பந்திக்கும் அதிலேயே பரிமாறிய கதை! கடைசியாகப் பரிமாறியதுதானே இலையில் நிற்கும்? கடைசி வீடு என்னுடையது. வீட்டு நம்பர்கள் எல்லாம் சரி… உள்ளே இருக்கிற ஆள் மட்டும் நான்.

முன்னாலேயே சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தேனே! என் வீட்டை மட்டும் வைத்து. ஒரு வீடு, ஒரு ஆள். ஒரே ஆள் இருந்தால் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. இரண்டாவதாக யாரையாவது சேர்த்திருந்தால் அப்போதே குட்டு உடைந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் யார் யார் என்று எழுத உட்கார்ந்தால் இப்போதெல்லாம் ஒரு பேரோடு கை நின்றுவிடுகிறது.

திருத்துவது பெரிய வேலையா? ஒரு வரியைத் தூக்கி லூப்புக்குள் போட வேண்டும். அவ்வளவுதான். லேப்டாப்பைத் திறந்தேன். போன் அடித்தது. லேப்டாப்பை மூடிவிட்டேன்…

"அக்கா, செல்வி பேசறேன். ஓசூர்லேர்ந்து வந்துட்டேன், கேட்டாண்ட நிக்கிறேன்."

"அம்மா, இது உங்க அக்கா வீடு இல்ல. பெட்டியில கோளாறு. எந்த வீட்டுக்குப் போகணும்?"

"ஐயய்யோ, 301-ண்ணா. லீவு நாளும் அதுவுமா உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன். டிபன் சாப்ட்டீங்களா?"

சும்மா வாய் வார்த்தைக்குத்தான் கேட்டிருப்பாள். ஆனால் என்னை அப்படி யாராவது கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. "ஆச்சும்மா" என்றேன். ஆகவில்லை.

நானே இறங்கிப் போய் 301-ன் கதவைத் தட்டினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"உங்க தங்கச்சி கேட்ல நிக்கிறாங்க. நான் மேல 512."

"512-ஆ? அது பூட்டிக் கெடக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தோம்!"

சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

மத்தியானம் வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. நானும் சலிக்காமல் எடுத்தேன். பாட்டு டீச்சர், கேபிள்காரர், வழி தவறி வந்த ஒரு கல்யாண புரோக்கர்… எல்லோரிடமும் இரண்டு வார்த்தை அதிகமாகவே பேசினேன். அப்புறம் முதலாளி ஞாபகம் வந்தது. வரியை நகர்த்தினேன். பெட்டியில் ஏற்றினேன். போன் நின்றது. வீடு பழையபடி ஆகிவிட்டது.

சாயங்காலம் எல்லோரும் கேட்டருகே கூடினார்கள். முனிராஜு 204-ஐ அமுக்கினார். அந்த வீட்டு மருமகள் எடுத்தார். 301-ல் செல்வியே எடுத்தாள். கை தட்டினார்கள். கேசவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சாரோட வீட்டையும் பாத்துடுவோம்!" என்று தானே 512-ஐ அமுக்கினார்.

மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன சார் இது, உங்க பொட்டி உங்க வீட்டுக்கே வேலை செய்யலையே!" எல்லோரும் சிரித்தார்கள்.

"வேலை செய்யுது சார். எடுக்கத்தான் ஆள் இல்ல. நான் இங்க நிக்கிறேனே."

சிரிப்பு நின்றது. கேசவன் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். 301 அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. முனிராஜுதான் கை நீட்டி அதை நிறுத்தினார். பெட்டி இருக்கட்டும் என்று மீட்டிங்கில் முடிவாயிற்று.

திங்கள் காலையில் போன் அடித்தது.

"சார், முனிராஜு."

"யார் வந்திருக்காங்க?"

"யாரும் வரல சார். சும்மா டெஸ்டிங்." கொஞ்சம் தயங்கினார். "காபி ஆச்சா?"

செவ்வாய்க்கிழமையும் டெஸ்டிங். புதன்கிழமையும். பெட்டியில் இப்போது ஒரு கோளாறும் இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.