கிழிசலின் குட்டிக்கு அப்பா யார்?

எங்கள் சித்திக்குக் கொசுறு வாங்காமல் கடையை விட்டு நகரத் தெரியாது. காய்கறிக்காரரிடம் ஒரு பச்சை மிளகாயாவது கூடப் போட வைத்துவிட்டுத்தான் பையை மூடுவாள். கூட நிற்கும் எனக்கு மானம் போகும். இதே சித்திதான் வெள்ளை அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கடல் ஆய்வகத்தில் திமிங்கலங்களின் குலம் கோத்திரத்தை ஆராய்கிறவள் என்று சொன்னால் கடைக்காரர் நம்பவே மாட்டார். வீட்டில் அவளுக்குத் திமிங்கலச் சித்தி என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததில்லை. உடம்பென்று பார்த்தால் அவள் பலத்த காற்றுக்குப் பறந்துவிடுவாள்.

குளிர்காலம் வந்தால் எங்கள் விரிகுடாவுக்குத் திமிங்கலங்கள் வரும். தூரத்துப் பனிக்கடலில் தின்று கொழுத்துவிட்டு, குட்டி போட மட்டும் இந்த வெதுவெதுப்பான தண்ணீருக்கு வந்து போகும். அம்மா காட்டிய வழியைக் குட்டி மறக்காது. வளர்ந்த பிறகு அதுவும் இங்கேதான் வரும், அதன் மகளும் இங்கேதான் வரும். சித்தி படகில் போய் அம்பு எய்வாள். முனையில் சின்னக் குழல் வைத்த அம்பு. பென்சில் முனை அளவு தோலைக் கிள்ளிக்கொண்டு தண்ணீரில் விழுந்து மிதக்கும். திமிங்கலத்துக்கு அது கொசுக்கடி. சித்திதான் ஒவ்வொரு தடவையும் தனக்கே வலித்த மாதிரி முகத்தைச் சுளிப்பாள்.

அந்தத் தோல்களைப் பார்த்துக் கொஞ்ச வருடமாகவே அவளுக்குக் கவலை. எங்கள் விரிகுடாக் கூட்டம் சிறியது, பரம்பரைக் குறிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. சாப்பாட்டு மேசையில் சித்தப்பா அதைக் கேட்டு ஆறுதல் சொல்லப் பார்த்தார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், எல்லாவற்றுக்கும் ஆறுதல் வைத்திருப்பார்.

"ஒரே குடும்பம், ஒரே ஜாடை. நல்லதுதானம்மா?"

"என்னத்த நல்லது! வெளியிலேர்ந்து மாப்பிள்ளையே வரலைன்னா, உள்ளுக்குள்ளயே கட்டிக் கட்டி எங்க போய் நிக்கும்? அப்புறம் ஒரு நோய் வந்தா போதும், ஒண்ணு தாங்கலைன்னா எதுவுமே தாங்காது."

ஆய்வகத்துத் தலைவர் ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார். வெளித்தொடர்பு அற்ற கூட்டம், மெல்லத் தேய்ந்து வருகிறது என்று அறிக்கையில் எழுதப் போவதாகச் சொன்னார். சித்தியால் மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அம்மாக்களைத்தான் அவர்களுக்குத் தெரியும். அப்பாக்கள் யார், எந்தக் கடல் என்று தெரியாது. அதைச் சொல்ல ஒரு குட்டியின் தோல் வேண்டும். ஆனால் பால்குடிக்கு அம்பு எய்யக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அந்த விதியைச் சித்தி உயிரே போனாலும் மீறமாட்டாள்.

அந்த வருடம் கிழிசல் குட்டியோடு வந்தாள். வாலில் பாதி கிழிந்த திமிங்கலம் அவள். சித்தி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே பழக்கம். சித்திக்கு ஒரே பிடிவாதம்: இந்தக் குட்டிக்கு அப்பா யார் என்று தெரிந்தாக வேண்டும். உள்ளூர்க்காரன் என்றால் தலைவர் சொன்னது சரியாகிவிடும். வெளியூர்க்காரன் என்றால் கூட்டத்துக்கு எதிர்காலம் இருக்கிறது. எய்ய முடியாவிட்டால் என்ன, திமிங்கலம் துள்ளி விழுந்தால் தோல் செதில் செதிலாக உதிர்ந்து மிதக்குமே, அதை அள்ளலாம் என்று கிளம்பினாள். அள்ளுவதற்கு எங்கள் வீட்டுத் தேநீர் வடிகட்டியை ஒரு கம்பில் கட்டிக்கொண்டாள். சித்தப்பா தூளோடு தேநீர் குடித்தார்.

கடைசியில் ஒரு காலையில் குட்டி துள்ளியது. படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். குட்டி விழுந்த இடத்தில் நகத்தளவு செதில் ஒன்று மிதந்தது. சித்தி அதை அள்ளிக் குழாயில் போட்டாள். ஒரு குழாய்க்கு ஒரு செதில் என்பது பாலபாடம். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு செதில், கொஞ்சம் பெரிதாக, மிதந்து வந்தது. முதலாவது போதாமல் போய்விடுமோ என்று ஒரு பயம். பழகிய கை, சும்மா இருக்குமா? அதையும் அதே குழாயில் போட்டு மூடிவிட்டாள்.

ஆய்வகத்தில் பரம்பரைக் குறிகளைக் கோடு கோடாகக் காட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்குச் சோப்பு என்று பட்டப்பெயர். கை கழுவிக் கழுவியே தேய்ந்துபோனவன். குழாயின் முடிவு வந்ததும் அவன் கத்திய கத்தல் வாசல் வரைக்கும் கேட்டதாம்.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ஒரு இடத்துல ரெண்டு கோடுதானே வரணும், அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு? இங்க மூணு மூணா நிக்குது. ரெண்டு உயிரைக் கலந்துட்டீங்க. இதெல்லாம் குப்பைக்குத்தான்!"

அதற்குள் கிழிசல் குட்டியைக் கூட்டிக்கொண்டு பனிக்கடலுக்குப் புறப்பட்டுவிட்டாள். சித்தி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். "என் கொசுறு புத்தி, என் கொசுறு புத்தி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த நாள் கடையில் எதுவும் கேட்காமல் பையை மூடினாள். கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சோப்புக்கு ஒரு வியாதி உண்டு. அழுக்கைக் கண்டால் அது யாருடைய அழுக்கு என்று தெரியாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. கிழிசலின் பழைய அம்புத் தோலின் கோடுகளை எடுத்து, கலப்படக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். பார்த்தவன் கையைக்கூடக் கழுவாமல் சித்தியிடம் ஓடி வந்தான்.

"அக்கா, அந்தப் பெரிய செதில் கிழிசலோடது. மூணு கோட்டுல ரெண்டு அவளோடது. அம்மாகிட்டேர்ந்து குட்டிக்கு வந்தது அந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். அப்போ மிச்சம் நிக்கிறது?"

சித்தி, "அப்பன் குடுத்தது" என்றாள். உடனே அவளுக்கே சந்தேகம். "சின்னது குட்டியோடதே இல்லாம, வேற ஏதாவது திமிங்கலத்தோடதா இருந்தா?"

"அப்படின்னா எங்கயாவது நாலு கோடு வந்திருக்கணுமே. எல்லா இடமும் பாத்துட்டேன். ஒரு இடத்துலகூட நாலு இல்லக்கா."

மிச்சம் நின்ற கோடுகளை இருவரும் எங்கள் கூட்டத்தின் தோல்களோடு ஒப்பிட்டார்கள். பலவற்றுக்கு இங்கே ஜோடியே இல்லை. தலைவர் அறிக்கையை நிறுத்திவைத்து, பெருங்கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஆய்வகத்துக்கு அவற்றை அனுப்பிக் கேட்டார். பதில் வரும்வரை சித்தி எங்களில் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தப்பாவின் ஆறுதல்கூடத் தீர்ந்துபோனது.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் அவளுடைய போன் வந்தது.

"டேய், சம்பந்தி வீடு தெரிஞ்சுபோச்சுடா!"

"யாருக்கு சித்தி சம்பந்தி?"

"கிழிசலுக்குத்தான்! அக்கரைக் கடல்டா. நாம இங்க காணாத கோடெல்லாம் அங்க சர்வசாதாரணமாம். அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கான்டா அந்தப் பய!"

ஒரு குட்டியை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது, இன்னும் குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று தலைவர் சொன்னாராம். ஆனால் 'வெளித்தொடர்பு அற்ற' என்ற வார்த்தைகளை அவரே அடித்துவிட்டாராம். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மறுபக்கம் விசும்பல் கேட்டது.

"இத்தனை வருஷமா நம்ம பொண்ணுங்க தனியா கிடந்து தேஞ்சு போறாங்கன்னே நெனச்சிட்டிருந்தேன்டா. இல்லடா. அவங்களைத் தேடி ஆள் வந்திருக்கு."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துப் பதறி, "என்ன தம்பி, வீட்டுல ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றேன். "எங்க வீட்டுப் பேரப்பிள்ளைக்கு அப்பா ஊரு எதுன்னு தெரிஞ்சிருச்சு."